திமிங்கலம் போன திசை

இந்தப் பழுது பொய்யென்று தெரிந்தால் நர்ஸ் இனி என் முகத்திலேயே விழிக்க மாட்டாள் என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டாள். கை மட்டும் எஞ்சின் மூடிக்குள் எதையோ தேடுவதுபோல் துழாவிக்கொண்டிருந்தது.

"என்னடி, ஆபரேஷன் இன்னும் முடியலையா?" என்றாள் பேக்கரி அக்கா. "பேஷண்ட் பொழைக்குமா, பொழைக்காதா?"

"கொஞ்சம் பொறுங்கக்கா. பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. அரை மணி நேரத்துக்கு முன்பு பிளக்கிலிருந்து ஒயரை உருவிவிட்டவளே அவள்தான். திரும்ப மாட்ட ஒரு நொடி போதும்.

மூன்று பேரும் சேர்ந்து வாங்கிய சின்ன மோட்டார் படகு. மூவருக்கும் லீவு ஒத்துப்போகும் நாளில் காலையிலேயே கிளம்பி, கரை ஒரு கோடாகத் தெரியும் தூரத்தில் நங்கூரம் போட்டுத் தூண்டிலோடு உட்கார்ந்துவிடுவார்கள். கிடைத்தால் மீன், கிடைக்காவிட்டால் அரட்டை. ஆறு வருடப் பழக்கம், இன்றோடு சரி. நர்ஸுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது. அவள் வீடே ஒரு மாதமாக அவளைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தது. இன்று ஏழு மணி விமானத்தில் ஏறாவிட்டால் அந்த வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

போகட்டும் என்றுதான் மெக்கானிக் ஒயரை உருவினாள். அப்படி நினைத்த மனசைத் திரும்பிப் பார்க்க அவளுக்கே பிடிக்கவில்லை.

"மூணு மணிக்குள்ள கரை ஏறிடலாம்ல?" என்றாள் நர்ஸ். மூன்றாவது தடவையாகக் கேட்கிறாள். குரலில் ஒரு துளி பதற்றம் இல்லை. அதுதான் மெக்கானிக்கை அறுத்தது. என்மேல் அவ்வளவு நம்பிக்கை!

"யாருக்காவது போன் போட்டு இழுத்துட்டுப் போகச் சொல்லட்டுமா?" பேக்கரி அக்கா கைப்பையைத் திறந்தாள்.

"வேணாம்க்கா. அவ சரி பண்ணிடுவா," என்றாள் நர்ஸ்.

"அப்ப நீந்தியே போயிடுவோம். எனக்கென்ன, நான் தானா மிதப்பேன். நீங்க ரெண்டு பேரும் என்மேல ஏறி..."

பேச்சு பாதியில் நின்றது. படகுக்கு இருபதடி தள்ளி, கடல் மூச்சு விட்டது.

அப்படித்தான் இருந்தது. ஒரு பெருமூச்சு எழுந்து, இரண்டு ஆள் உயரத்துக்குப் பனிபோல் நின்று, மீன்வாடையோடு மூவர் முகத்திலும் இறங்கியது. பிறகு முதுகு வந்தது. நனைந்த தார்ச்சாலைபோல் கறுத்து, வந்துகொண்டே இருந்தது.

யாரும் யாருக்கும் சொல்லவில்லை. மூவரும் சத்தமில்லாமல் தூண்டில்களைச் சுருட்டிக்கொண்டார்கள்.

பக்கத்தில் ஒரு குட்டி. குட்டியே இவர்கள் படகைவிடப் பெரிது. தாய்த் திமிங்கலம் அதை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டுப் படகுக்கு அடியில் நுழைந்தது. தண்ணீர் இருண்டது. காலுக்குக் கீழே ஒரு வீடே நகர்ந்து போவதுபோல் அந்த நிழல் போயிற்று. கொஞ்சம் முதுகை அசைத்தால் போதும், இவர்கள் கதை முடிந்தது. ஆனால் படகில் இருந்த தண்ணீர் பாட்டில்கூட ஆடவில்லை. மறுபக்கம் அது மேலே வந்தபோது ஒரு கண் தெரிந்தது. ஆரஞ்சுப் பழ அளவுதான் இருக்கும். சுருக்கம் விழுந்த இமைக்குள்ளிருந்து அது அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது.

பேக்கரி அக்காவின் கன்னத்தில் நீர் வழிந்தது. அவளுக்குத் துடைக்கத் தோன்றவில்லை.

நர்ஸ் தன்னையறியாமல் கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். "அம்மா ஒரு தடவை விடறதுக்குள்ள குட்டி மூணு தடவை விடுது," என்றாள், வார்டில் தூங்குகிறவர்களுக்கு நடுவே பேசும் குரலில். "பொறந்து ரொம்ப நாள் ஆகியிருக்காது."

"இத வச்சுக்கிட்டு எங்கடி போகுது?"

"தெரியலக்கா. தூரமா."

வால் மெல்ல எழுந்து, ஒரு கணம் வானத்தை மறைத்து, அலையே இல்லாமல் அமிழ்ந்தது. குட்டியும் பின்னாலேயே போயிற்று.

அவ்வளவு பெரிய உயிர், வழியில் கிடந்த எங்களை ஒரு கீறல் இல்லாமல் விட்டுவிட்டுத் தன் பாட்டுக்குப் போகிறது. ஒருத்தியின் வழியை மறிக்க நான் யார் என்று மெக்கானிக் நினைத்தாள். குனிந்து ஒயரை மாட்டினாள்.

"சரியாயிடுச்சு. கிளம்பலாம்."

எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தாள். எஞ்சின் செருமவில்லை. மறுபடி இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் அவளுக்கு நிஜமாகவே வியர்த்தது.

பொய்ப் பழுதைக் காட்டுவதிலேயே குறியாக இருந்தவள் இப்போதுதான் எஞ்சினை முழுதாகப் பார்த்தாள். ஸ்விட்சில் மாட்டியிருக்க வேண்டிய சிவப்பு க்ளிப்பைக் காணோம். ஓட்டுகிறவர் கடலில் விழுந்தால் எஞ்சின் தானாக நிற்பதற்காக, சிவப்புக் கயிற்றால் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் சின்ன சாமான். அது இல்லாமல் எத்தனை முறை இழுத்தாலும் ஓடாது.

"அக்கா, இங்க இருந்த சிவப்பு க்ளிப்பைப் பார்த்தீங்களா?"

"நான் எதையும் தொடலடியம்மா. எனக்கு பன்னு சுடத்தான் தெரியும்."

இருவரும் பலகைகளுக்கு அடியில் தேடினார்கள். நர்ஸ் மட்டும் தேடவில்லை. திமிங்கலம் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடிய கையிலிருந்து ஒரு சிவப்புக் கயிற்று நுனி எட்டிப் பார்த்தது.

மெக்கானிக் கையை நீட்டினாள். "குடுடி. இப்பக் கிளம்பினாக்கூட பிளேனைப் பிடிச்சிடலாம்."

"காலையில நங்கூரம் போட்டதுமே எடுத்துட்டேன்," என்றாள் நர்ஸ். பிறகு க்ளிப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு, தூண்டிலுக்கு இரை கோக்க ஆரம்பித்தாள்.