மண்டபத்துக்குப் பின்னால்

இதனால் சகல தொழிலாளர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், உழைக்கும் வர்க்கத்தின் வரலாற்றில் இப்படியொரு காலை இதற்கு முன் விடிந்ததில்லை.

கார் கம்பெனிச் சங்கத்தின் பொதுச்செயலாளர், போட்டிக் கம்பெனியின் காரை, ஆலைக்குச் சற்றுத் தள்ளியிருந்த கல்யாண மண்டபத்துக்குப் பின்னால், ஜெனரேட்டருக்கும் எச்சில் இலைக் குவியலுக்கும் நடுவே ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்.

வண்டி பீப் பீப் என்று ஊரைக் கூட்டியது.

அவருடைய கம்பெனி காரில் இந்த வசதி கிடையாது. அதை முதல் முறையாகப் பெருமையாக நினைத்தார்.

எஞ்சினை அணைத்தார். இறங்கவில்லை.

கம்பெனி திவாலாகப் போன நேரத்தில் அவர்தான் உண்ணாவிரதம் இருந்தார். அரசாங்கம் மக்களின் வரிப்பணத்தைக் கொட்டிக் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது. அவருக்கு எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். சால்வை போர்த்தினார்கள்.

அந்தச் சால்வையோடு மைக்கைப் பிடித்தவர், அதே மூச்சில் ஒரு தீர்மானமும் போட்டார்.

"மக்கள் காசுல பொழச்ச கம்பெனி, தோழர்களே! நாமளே வாங்கலன்னா வேற எவன் வாங்குவான்? அடுத்தவன் வண்டி நம்ம கேட்டுக்குள்ள வரக்கூடாது!"

வரவில்லை. ஓராண்டாக ஒரு வண்டிகூட வரவில்லை.

அவர் வீட்டிலும் கம்பெனி கார்தான் நின்றது. நின்றது என்பது சரியான சொல். சுங்கச்சாவடியில் நின்றது, மேம்பாலத்தில் நின்றது, இப்போது சர்வீஸ் ஸ்டேஷனில் நிற்கிறது.

அதைத் தயாரிப்பவர்களை அவருக்கு நன்றாகத் தெரியும். அவரும் அவர்களில் ஒருவர். அதுதான் சிக்கல்.

மகளுக்கு எட்டாம் மாதம். மனைவி கத்தவில்லை. சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, புள்ளத்தாச்சிய உங்க கொள்கைமேல உக்கார வச்சா கூட்டிட்டுப் போவீங்க?"

மறுவாரம் இந்த வண்டி வந்தது. மகள் பேரில். தெருவுக்குள் வராமல் பக்கத்துத் தெருவில் நின்றது.

இன்று மதியம் மகளுக்கு ஸ்கேன். ஆலையிலிருந்து நேராகப் போனால்தான் முடியும். வேறு வழியில்லை என்று கண்ணாடியில் தெரிந்த முகத்திடம் சொன்னார்.

யாரோ ஜன்னலைத் தட்டினார்கள்.

தணிகைவேல்.

பெயின்ட் ஷாப் தணிகைவேல். கல்யாணத்தில் மாமனார் வாங்கிக் கொடுத்த வெள்ளைக் காரில், ரிப்பன்கூட அவிழ்க்காமல், ஆலை கேட் வரை வந்தவன். தீர்மானத்துக்குச் சிக்கிய முதல் ஆள். கடைசி ஆளும் அவன்தான்.

வாயிற்கூட்டத்தில் அவனை மேடையேற்றினார் இவர். "மாமனார் காசா இருந்தாலும் துரோகம் துரோகம்தான்!" கூட்டம் சிரித்தது. அவன் தலையைக் குனிந்தபடி மன்னிப்புக் கேட்டான். வண்டியை விற்றுவிடுகிறேன் என்றான். அவன் மனைவி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்ச் சில மாதம் இருந்ததாக, பிற்பாடு யாரோ சொன்னார்கள்.

கண்ணாடியை இறக்கினார்.

"மக வண்டி," என்றார். "அவ பேர்லதான் இருக்கு. மதியம் அவளை ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போவணும்."

"நம்மளுதும் வீட்டுக்காரி பேர்லதாண்ணே."

அவன் கை காட்டிய பக்கம் புங்கமரம். மரத்தடியில் அந்த வெள்ளைக் கார். இலைகள் உதிர்ந்து, பறவை எச்சம் விழுந்து, வெகுநாள் அங்கேயே குடியிருந்த களை அதற்கு வந்திருந்தது.

விற்கவில்லை.

திட்டுவான் என்று பார்த்தார். சிரிப்பான் என்று பார்த்தார். இரண்டில் எதைச் செய்திருந்தாலும் தாங்கியிருப்பார்.

"பத்து மணிக்கு மேல இங்க வெயில் ஏறிரும்ணே. சீட்டு தீயாக் கொதிக்கும். இருங்க, நான் என்னுத வெளிய எடுத்துடறேன். நீங்க நெழல்ல விடுங்க."

"வேண்டாம்பா..."

"பாப்பா உக்காரப் போவுது இல்ல?"

எடுத்தான். இவர் விட்டார். மறுபடியும் பீப் பீப்.

"நீங்க முன்னால போங்கண்ணே. சேந்து போனா எங்கேருந்து வரீங்கன்னு கேப்பானுங்க. நான் டீ குடிச்சிட்டு வரேன்."

நடந்தார்.

இன்றுதான் வாயிற்கூட்டம். தீர்மானத்தின் ஓராண்டு இன்றோடு முடிகிறது. நீட்டிப்பதா, விடுவதா? அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தணிகைவேல் நாளைக் காலை கேட் வழியாகவே வண்டியில் வரலாம்.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். தோழர்களே, நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். இல்லை, தப்பு பெரிய வார்த்தை. தோழர்களே, நான் ஒரு பையனை அவமானப்படுத்திவிட்டேன்.

இது சரி. இதைச் சொல்லிவிட வேண்டும்.

மேடை ஏறினார். மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"தோழர்களே!"

கூட்டத்தின் ஓரத்தில் தணிகைவேல் அப்போதுதான் வந்து நின்றான். அண்ணாந்து பார்த்தான்.

அவருக்குத் தொண்டை அடைத்தது. கண் கலங்கியது. ஒரு வார்த்தை வரவில்லை.

கூட்டம் அதை உணர்ச்சிப் பெருக்கு என்று எடுத்துக்கொண்டது. எவனோ விசிலடித்தான். கைதட்டல் முன்வரிசையில் கிளம்பிப் பின்வரிசை வரை போய்த் திரும்பி வந்தது.

தொண்டை தானாகத் திறந்துகொண்டது.

அன்று அவர் வழக்கத்தைவிட நன்றாகப் பேசினார்.

தீர்மானம் மேலும் ஓராண்டுக்கு ஒருமனதாக நீட்டிக்கப்பட்டது.