வகுப்புக்கு ஒருத்தி வந்தாள்

கிளைவ் மண்டி நடத்தியது வேலைவாய்ப்பு மையம். அதன் தயவில் வேலையில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் கிளைவ், இன்னொருத்தி அவனுடைய உதவியாளர் டீகன்.

ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில், மழை மறந்துபோன சிற்றூர் அது. வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுக்கும். ஆனால் மையம் கூப்பிட்ட நேரத்துக்கு வந்து தலையைக் காட்ட வேண்டும். தவறினால் எட்டு வாரத் தொகை வெட்டு. மனம் திருந்தி மையத்தின் பயிற்சி வகுப்பில் சேர்ந்தால் தண்டனை ரத்து. அப்படித் திருந்துகிற ஒவ்வொருவருக்கும் தலைக்கு இவ்வளவு என்று மையத்துக்குத் தலைநகர் கான்பெராவிலிருந்து பணம் வரும்.

நல்ல மனதோடு போட்ட விதிதான். கிளைவ் அதைக் கறவை மாடாக்கிக்கொண்டான். பத்து மணிக்கு வரச் சொல்லும் குறுஞ்செய்தியைப் பதினொரு மணிக்கு அனுப்புவான். தொகை வெட்டுப்படும். ஊரே ரப்பர் செருப்போடு ஓடிவந்து, "யோவ் கிளைவ், வாடகை கட்டணும்யா!" என்று கத்தும். அவன் பெரிய மனது பண்ணி, வகுப்பில் சேர்ந்ததாகப் பெயரைப் பதிந்து, தண்டனையை ரத்து செய்து வீட்டுக்கு அனுப்பிவிடுவான்.

வகுப்பு என்று ஒன்று நடந்தால்தானே? வகுப்பறையில் உடைந்த நாற்காலிகளும் ஒரு பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரமும் குடியிருந்தன.

ஒருநாள் டீகன் முகம் வெளிறி வந்தாள். "கிளைவ், தலைமை ஆபீஸ்ல பேசிக்கிறாங்க. வேலை தேடி வர்றவங்க மாதிரியே வேஷம் போட்டு, கான்பெரால இருந்து ஆள் அனுப்பப் போறாங்களாம்."

"வரட்டுமே. நம்மூர் ஆளுங்க நடுவுல கான்பெராக்காரன் நின்னா, ஆட்டு மந்தையில ஒட்டகம் நிக்கிற மாதிரி தெரிஞ்சிடும்."

மறுநாளே ஒட்டகம் வந்தது. பெயர் லொரெய்ன் பிக்கெட். ஊருக்குப் புதுசு. கறுப்புக் கோட்டு, தூசி படாத காலணி, தணிந்த குரல்.

"காலை வணக்கம், மிஸ்டர் மண்டி."

அந்த நாட்டில் பிரதமரையே பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மிஸ்டர் போட்டுக் கூப்பிட்டால் ஒன்று போலீஸ், இல்லாவிட்டால் வருமான வரிக்காரர்கள். கிளைவ் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டான்.

"என் தொகையை நிறுத்திட்டீங்க. வரச் சொன்ன நேரம் தாண்டித்தான் உங்க செய்தியே வந்தது. எல்லாருக்கும் இப்படித்தான் வருதா?"

"அய்யோ, மிஷின் கோளாறுங்க! தண்டனை ரத்து. இப்பவே ரத்து. நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

"வகுப்புல சேர்ந்தாத்தானே ரத்து? விதிப்படியே செஞ்சிடலாம். எப்போ ஆரம்பம்?"

கிளைவ் ராத்திரியோடு ராத்திரியாகக் கிறிஸ்துமஸ் மரத்தை வீட்டுக்குத் தூக்கிப்போனான். காலையில் லொரெய்ன் டாண் என்று வந்து உட்கார்ந்தாள். நேர்முகத் தேர்வில் கைகுலுக்குவது எப்படி என்று ஒரு பழைய வீடியோ ஓடியது. அன்று முழுக்க அதுவே ஓடியது.

"மத்தவங்க எங்க, மிஸ்டர் மண்டி?"

"ஊர்ல காய்ச்சல்ங்க."

தினமும் வந்தாள். தினமும் அதே கேள்வி. கிளைவுக்குச் சோறு இறங்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போனால் கம்பி எண்ண வேண்டியதுதான்.

"இவளை எப்படித்தான் கிளப்புறது?" என்று புலம்பினான்.

"ஒரு வேலை வாங்கிக் குடுத்துப் பாரேன்" என்றாள் டீகன்.

இப்படி ஒரு யோசனை அந்த மையத்தில் அதுவரை யாருக்கும் தோன்றியதில்லை. கிளைவ் இறைச்சித் தொழிற்சாலை மேனேஜர் டெஸ்ஸுக்குப் போன் போட்டான். "டெஸ், உன் காலைப் பிடிக்கிறேன். வரவேற்பு மேஜை வேலைக்கு ஒரு அம்மாவை எடுத்துக்கோ. ஒரு பெட்டி பீர் என் செலவு."

விஷயம் தெரிந்ததும் லொரெய்ன் அழுதேவிட்டாள். கடைசி நாளன்று ஒரு தட்டு நிறைய லாமிங்டன் கேக் செய்து கொண்டுவந்தாள்.

"எத்தனை ஊர் அலைஞ்சேன், மிஸ்டர் மண்டி! முன்னே சவ அடக்கக் கம்பெனியில இருந்தேன். முதலாளியே போய்ச் சேர்ந்ததும் அதை மூடிட்டாங்க. அங்க இருந்து வந்த பழக்கம்தான் இந்தக் கறுப்புக் கோட்டும் மிஸ்டரும். நீங்க நல்லா இருக்கணும்."

அவள் போனபிறகு கிளைவ் வயிறு குலுங்கச் சிரித்தான். "சவப்பெட்டிக் கடைக்காரிக்கா இப்படிப் பயந்தேன்!" இரண்டு கேக்கை ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டான். கிறிஸ்துமஸ் மரம் அன்றைக்கே வகுப்பறைக்குத் திரும்பியது. குறுஞ்செய்திகள் மறுபடி தாமதமாகப் போகத் தொடங்கின.

அடுத்த வாரம் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் வந்தார்கள்.

"மிஸ்டர் மண்டி?"

"அட, கிளைவுன்னே கூப்பிடுங்க" என்று சிரித்தவன், அவர்கள் நீட்டிய அடையாள அட்டைகளைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். கான்பெரா, மோசடித் தடுப்புப் பிரிவு. வகுப்பறைக் கதவைத் திறந்து பார்த்தார்கள். கிறிஸ்துமஸ் மரம் அவர்களை வரவேற்றது.

"அந்த லொரெய்ன் புகார் குடுத்துட்டாளா?"

"அவங்களா? இப்பத்தான் தொழிற்சாலையில பார்த்துட்டு வர்றோம். உங்களைத் தெய்வம்ங்கிறாங்க" என்றாள் அதிகாரி. "வகுப்புல தான் ஒருத்திதான் இருந்ததாவும் சொன்னாங்க. உங்க கணக்குல அறுபது பேர் இருக்காங்களே?"

"யாரும் புகார் குடுக்கலைன்னா, அப்புறம் எப்படி...?"

"உங்க கணக்கும் மத்த மையங்களோட கணக்கும் இத்தனை வருஷமா ஒரே மாதிரி இருந்தது. அதனால யாருக்கும் சந்தேகம் வரலை. போன வாரம்தான் எங்க கம்ப்யூட்டர் மணி அடிச்சது. உங்க மையத்துல ஒருத்தருக்கு வேலை கிடைச்சிருக்குன்னு காட்டுச்சு. இது கண்டிப்பா மோசடிதான்னு ஓடி வந்தோம்."

அவள் கிறிஸ்துமஸ் மரத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"வந்து பார்த்தா, அந்த வேலை ஒண்ணுதாங்க நிஜம்!"