ஃபுளோரன்ஸில் ஒரு ஹாரன்

ஃபுளோரன்ஸ் நகரத்தின் பழைய தெருக்களில் சுற்றுலா வருபவர்கள் கார் ஓட்டக் கூடாது. திருச்செங்கோட்டில் கணினித் திரைக்கு முன் உட்கார்ந்தபடி, ஆளில்லா வாடகைக் காரை இணையம் வழியாக வையாபுரிதான் ஓட்டித் தருவார். பயணிகள் பேசுவது அவருக்குக் கேட்கும்; அவர்களிடம் பேச வழியில்லை. அந்தத் தெருக்களில் ஹாரனுக்குத் தடை; அடித்தால் வேலை போய்விடும்.

அன்று திரையில் தெரிந்த பயணி கோகிலா. காதல் கல்யாணம் செய்துகொண்டதால், என் முகத்திலேயே விழிக்காதே என்று அவர் விரட்டிவிட்ட மகள். வயிறு மேடிட்டிருந்தது.

கல் பாவிய தெரு. ஒவ்வொரு கல்லையும் தடவிக்கொடுப்பதுபோலச் சக்கரத்தை உருட்டினார்.

"என்ன இது, மாட்டு வண்டியாட்டம்? நடந்தே போயிருக்கலாம்" என்றான் மருமகன்.

"சும்மா இருங்க. எங்கப்பா போர்வெல் லாரியில நான் ஏறுனா இப்படித்தான் ஓட்டுவாரு. இல்லீன்னா வாந்தி எடுத்துருவேன்."

வையாபுரி மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

விடுதி வாசலில் இறங்கியவள், சிறுவயதில் லாரியைத் தட்டி அனுப்புவதுபோலவே காரின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினாள். "ரைட்டு, போலாம்!"

அப்போதெல்லாம் அந்தத் தட்டலுக்கு இரண்டு ஹாரன் அடித்துவிட்டுத்தான் அவர் வண்டியை எடுப்பார்.

இப்போதும் அடித்தார்.

தெருவே திரும்பிப் பார்த்தது. கோகிலா முன்கண்ணாடியிலிருந்த கேமராவருகே மெல்லக் குனிந்தாள்.

"அப்பா...? சாப்டீங்ளா?"