கை காட்ட நின்றவர்

பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

நிறுத்தி வைக்கப்பட்டிருந்தார் என்பதுதான் சரி.

இந்த வெளிநாட்டு மலைச் சைக்கிள் பயணத்தில் அப்படி ஒரு வழக்கம். வழிகாட்டி ரெட்டோ எல்லோருக்கும் முன்னால் போவான். பாதை பிரியும் இடம் வந்தால், தனக்கு அடுத்து வருகிறவரை அங்கே நிறுத்திவிட்டுப் போய்விடுவான். நின்றவர் பின்னால் வருகிறவர்களுக்கு வழி எந்தப் பக்கம் என்று கை காட்ட வேண்டும். எல்லோருக்கும் கடைசியாக ரெட்டோவின் துணையாள் உர்சினா வருவாள். அவள் வந்து சேரும்வரை நகரக் கூடாது. பிறகு அவளோடு கடைசி ஆளாகப் போக வேண்டும்.

இத்தனை நாளும் ஒரு டச்சுக்காரன்தான் ரெட்டோவின் பின்சக்கரத்தை விடாமல் ஓட்டிக்கொண்டிருந்தான். இன்று காலை உயிரைக் கொடுத்து அவனை முந்தினார்.

முந்தியதற்குக் கிடைத்த பரிசு இது.

டச்சுக்காரன் அவர் கை காட்டிய பக்கம் திரும்பிப் போனான். போகும்போது சிரித்தானோ என்று அவருக்குச் சந்தேகம்.

மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள்.

இனி அவள் மட்டும்தான்.

பூங்கோதை. அவர் மனைவி.

அங்கிருந்து பார்த்தால் சரிவு முழுவதும் தெரிந்தது. எதிரே பனி மூடிய சிகரங்கள். எங்கோ மாடுகளின் கழுத்துமணி. வெகு கீழே, கல்லும் புல்லுமான பாதையில் ஒரு நீலச் சட்டை. அதற்குச் சற்றுப் பின்னால் உர்சினாவின் ஆரஞ்சுச் சட்டை.

நேற்று இதைவிடச் சின்ன ஏற்றம். அதிலேயே அவள் இரண்டு முறை இறங்கி உருட்டியதாக உர்சினா சொன்னாள். அவர் ரெட்டோவிடம் சொல்லி, ஓட்டுநர் கனிவோடு கதவைத் திறந்து பிடிக்க, பெட்டிகள் வரும் வேனில் அவளை ஏற்றிவிட்டார். அவள் நல்லதுக்குத்தான்.

அவளிடம் கேட்கவில்லை.

இன்று காலை ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே அவள் சொன்னாள். "இன்னைக்கு வேன்ல ஏற மாட்டனுங்க. காலே ஊனாம மேல வந்துருவேன்."

"வேன் ஒண்ணும் ஓடிப் போயிராது" என்றார் அவர்.

அவள் ரொட்டியைக் கடித்தாள்.

நீலச் சட்டை முதல் வளைவைத் தாண்டியது.

அவள் சைக்கிள் ஓட்டி அவர் பார்த்ததே இல்லை. கோயம்புத்தூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தன் சைக்கிள் குழுவோடு மலைப்பக்கம் போய்விடுவார். அந்த நேரத்தில்தான் அவள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்தத்தில் கற்றுக்கொண்டாள். தலை நரைக்கத் தொடங்கிய பிறகு. முழங்காலில் பிளாஸ்திரியைப் பார்த்துத்தான் அவருக்கே விஷயம் தெரியும்.

எங்கே போனாலும் அவர் முன்னால் போகிறவர். கல்யாண மண்டபமோ, விமான நிலையமோ. "நீ வா, நான் போயிட்டு இருக்கறேன்" என்பார். போய்விடுவார். அவள் வந்து சேர்வாள்.

எப்படி வந்து சேர்கிறாள் என்று நின்று பார்த்ததில்லை.

இன்று வேறு வழியில்லை.

அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு வளைவிலும் வெளி ஓரமாகப் போய், சரிவு குறைந்த இடம் பார்த்துத் திரும்பினாள். அவரானால் உள்பக்கமாக முட்டி மோதியிருப்பார்.

இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

அடுத்தது அந்த உதிரிக் கல் மேடு.

அங்கேதான் அவரே கால் ஊன்றினார். திரும்பிப் பார்த்தார், யாரும் பார்க்கவில்லை, மறுபடி மிதித்தார். ரெட்டோவிடமும் சொல்லவில்லை.

"கியரைக் குறை" என்று வாய்க்குள் சொன்னார்.

அவள் எப்போதோ குறைத்திருந்தாள்.

பின்சக்கரம் வழுக்கியது. ஒரு கல் உருண்டு கீழே போனது. சைக்கிள் கிட்டத்தட்ட நின்றேவிட்டது.

அவர் கை விரல்களை மடக்கிக்கொண்டார்.

அவள் முன்னால் சாய்ந்தாள். நெஞ்சு கைப்பிடியைத் தொட்டது. ஒரு மிதி. இன்னொரு மிதி. சக்கரம் மண்ணைப் பிடித்தது.

மேடு அவளுக்குப் பின்னால் போனது.

அடேயப்பா, என்றார். சத்தமாகவே சொல்லிவிட்டார். கேட்க யாருமில்லை. கண் கலங்கியதற்குக் குளிர்காற்றைக் காரணம் சொல்லிக்கொள்ள நினைத்தார். காற்றே இல்லை.

முகம் தெரிந்தது. சிவந்து, வியர்த்து, உதட்டைக் கடித்தபடி. பெண் பார்க்கப் போன அன்றுகூட இந்த முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. இவ்வளவு அழகாக இருக்கிறாளே என்று இருந்தது.

பார்த்துக்கொண்டே நின்றார்.

அவள் பாதை பிரியும் இடத்துக்கே வந்துவிட்டாள். இடமா, வலமா? தயங்கினாள். சைக்கிள் தள்ளாடியது. வலது கால் பெடலை விட்டு எழுந்தது.

"கையக் காட்டுங்க!"

தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. சட்டென்று வலது கையை நீட்டினார்.

கால் தரைக்கு வரவில்லை. பெடலுக்கே திரும்பியது.

அவரைக் கடக்கும்போது மூச்சு வாங்க அவள் சொன்னாள். "நீங்க வாங்க. நான் போயிட்டு இருக்கறனுங்க."

போய்விட்டாள்.

உர்சினா வந்து சேர்ந்தாள். போகலாம் என்று தலையசைத்தாள். நின்று நின்று அவருக்குக் கால் விறைத்திருந்தது. ஏறி மிதித்தார்.

பாதை அகலமாகத்தான் இருந்தது. முந்தலாம்.

அவர் முந்தவில்லை.

சற்றுத் தூரத்தில் பாதை தார்ச்சாலையைத் தொடுகிறது. வேன் அங்கே நின்றது. பூங்கோதை அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்தாள். ஓட்டுநர் அவளைப் பார்த்தார். பிறகு, உர்சினாவோடு கடைசியாக வந்துகொண்டிருந்த அவரைப் பார்த்தார்.

நேற்றைய அதே கனிவோடு, வேனின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.