துருப்பிடித்த தூக்குவாளி

"துருவே பிடிக்காதுன்னு சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னீரே! இந்தா, நல்லா கண்ணைத் தொறந்து பாரும்!"

நல்லகாமன் எவர்சில்வர் தூக்குவாளியைக் கடைப் பலகையில் ணங்கென்று வைத்தார். விளக்குத்தூண் பக்கம் பாத்திரக்கடை வைத்திருந்த ராமதாஸ், பித்தளைச் செம்புகளை அடுக்குவதை விட்டுவிட்டு வாளிக்குள் எட்டிப் பார்த்தார். அடியில் செக்கச்செவேலென்று துரு அப்பியிருந்தது.

யுத்தத்துக்குக் கொஞ்சம் முந்தின காலம். எவர்சில்வர் மதுரைக்கே புதுசு. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த நல்லகாமன், மகள் ஜெயக்கொடியின் கல்யாணச் சீரில் பித்தளை அண்டாக்களுக்கு நடுவே இந்த ஒற்றை வாளியை வைத்து ஊரையே வாய் பிளக்க வைத்தவர். இப்போது அதே ஊர் சிரிக்கிறது என்றால் சும்மா இருப்பாரா?

"எஞ் சம்பந்தி ஒச்சாயி நாகமலை புதுக்கோட்டைத் தெருவுல நின்னு கத்துறா. தகரத்துக்கு மெருகு போட்டு ஏமாத்திட்டேனாம்! வாளியையும் கையில கொடுத்து எம் மகளையும் வெளிய தள்ளிட்டா. நல்ல வாளியோட வந்தா வரட்டும், இல்லேன்னா அப்பன் வீட்டுலயே கிடக்கட்டுமாம். என்னைய ஏமாத்துக்காரன் ஆக்கிட்டீரேய்யா!"

ஜெயக்கொடி முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டு அப்பாவின் பின்னால் நின்றாள். மகள் அவமானத்தில் குன்றிப்போய் நிற்கிறாள் என்று நினைத்த நல்லகாமனுக்கு ஆத்திரம் இன்னும் பொங்கியது.

கட்டிக்கொடுத்த பெண்ணை வீட்டில் வைத்துக்கொள்கிற ஆளில்லை அவர். போன பங்குனியில் அழுதுகொண்டு வந்தவளைக்கூட, "குடும்பம்னா முன்னப்பின்ன இருக்கும் தாயி" என்று அன்றைக்கே கொண்டுபோய் விட்டு வந்தவர்தான். ஆனால் இது சீர் விஷயம், மானப் பிரச்சினை. அதனால்தான் இந்தத் தடவை அவளை வீட்டில் சேர்த்துக்கொண்டு நியாயம் கேட்கக் கிளம்பினார்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே" என்றார் ராமதாஸ். புளியைக் கரைத்து ஊற்றி, துணியால் அழுத்தித் தேய்த்தார். துரு கரைந்து வந்தது. கழுவித் துடைத்ததும் அடிப்பாகம் முகம் பார்க்கிற மாதிரிப் பளபளத்தது.

நல்லகாமன் வாளியை வாங்கி அடிப்பாகத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"வாளி துருப்பிடிக்கலண்ணே. இதுல குரோமியம்னு ஒண்ணு கலந்திருக்கு. அதனால மேல கண்ணுக்கே தெரியாம ஒரு தோல் படிஞ்சிருக்கும். கீறல் விழுந்தாலும் அந்தத் தோல் தானா வளந்து மூடிக்கும். இது வேற இரும்போட துரு. யாரோ உள்ள ஆணியப் போட்டு வச்சிருக்காங்க."

"ஆணியா? அந்த ஒச்சாயிதான்! கறிக்குழம்பு கொண்டுபோகையில காத்து கருப்பு அண்டக்கூடாதுன்னு போட்டிருப்பா!"

"அது வயக்காடு போய்ச் சேர்ற வரைக்கும்தானே கிடக்கும்? இது உப்புத் தண்ணியில நாள்கணக்கா ஊறியிருக்கு. வேணும்னே செஞ்ச வேலைண்ணே."

"வேணும்னே செஞ்சாளா!" நல்லகாமன் வேட்டியை மடித்துக் கட்டினார். "எம்புட்டுக் கொழுப்பு இருந்தா எம் மானத்தை வாங்க ஆணியப் போடுவா! கெளம்பு தாயி. இந்த வாளிய ஊர் நடுவுல வச்சு நாலு பேரு முன்னாடி அவளைத் தலைகுனிய வைக்கிறேன். உன்னைய இன்னைக்கே அந்த வீட்டுல விட்டுட்டுத்தான் மறுவேலை!"

ஜெயக்கொடி நகரவில்லை. போர்த்தியிருந்த முந்தானையை மெல்ல விலக்கினாள். தோளிலிருந்து முதுகு வரை கன்றிப்போன தடங்கள்.

"ஆணியப் போட்டது அத்தை இல்லய்யா, நாந்தான். உங்க மருமகன் மாட்டுச் சாட்டையால அடிச்ச தடத்தைப் பங்குனியில வந்து காட்டுனேன், அன்னைக்கே திருப்பிக் கொண்டுபோய் விட்டீக. வாளி துருப்பிடிச்ச பிறகுதானே என்னைய வீட்டுக்குள்ள சேத்தீக!"