துருப் பிடிக்காத பெட்டி

பல வருஷம் கழித்து வீடு திரும்பிய அன்று, பெட்டியின் பூட்டில் சாவியைப் போடும்போது அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். பக்கத்தில் நின்ற மனைவியும்தான்.

கப்பல் வேலைக்குக் கிளம்புமுன் தன் தச்சுச் சாமான்களை எல்லாம் அவன் அந்த இரும்புப் பெட்டியில்தான் அடுக்கிவைத்துவிட்டுப் போனான். உளிகள், இழைப்புளி, ரம்பம். ஒவ்வொன்றும் கடை கடையாய் ஏறி இறங்கி வாங்கியது.

வீடோ ஈர வீடு. மழை பிடித்தால் சுவருக்கே வியர்க்கும்.

அதனால் சாமான்களுக்கு நடுவே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, மனைவிக்குப் பாடம் எடுத்துவிட்டுத்தான் படியிறங்கினான். பொட்டலத்துக்குள் இருக்கும் மணிகள் நீலமாக இருக்கும்வரை பயமில்லை. இளஞ்சிவப்பானால் ஈரத்தைக் குடித்துவிட்டது என்று அர்த்தம். பழைய வாணலி ஒன்றில் போட்டு இளஞ்சூட்டில் புரட்டினால் திரும்பவும் நீலமாகிவிடும்.

கப்பல் கரை சேரும் ஊரிலிருந்தெல்லாம் போன் பண்ணுவான். முதல் விசாரிப்பு பெட்டிக்கு. மகள் காய்ச்சலில் கிடந்தபோதும் அப்படித்தான். மனைவியின் முறை கடைசியில் வரும், அதுவும் சிக்னல் இருந்தால்.

துரு ஒரு பொட்டுகூட இல்லை என்பாள் அவள். அது உண்மைதான்.

மூடி திறந்தது. எண்ணெய் வாசனை வந்தது. இழைப்புளியின் தகடு விளக்கு வெளிச்சத்தில் மின்னியது. ஒரு பொட்டலத்தை எடுத்துத் தூக்கிப் பார்த்தான். அத்தனையும் நீலம்.

அவன் முகம் மலர்ந்தது.

பிறகு அகல உளியை எடுத்து, பழக்கதோஷத்தில் உள்ளங்கையில் கிடத்தினான். அதன் நுனி எப்போதும் அவன் நடுவிரலைத் தாண்டி நிற்கும். இப்போது விரலின் பாதியிலேயே நின்றுவிட்டது.

இன்னொன்றை எடுத்தான். அதுவும் குட்டையாகியிருந்தது. சாணைக்கல்லில் பல தடவை தேய்ந்த உளிகள்.

"யாருக்குக் கொடுத்திருந்த?"

"யாருக்கும் கொடுக்கல."

அவன் கிளம்பிப் போன வருஷமே, மழையில் அடுப்படிக் கதவு உப்பிக்கொண்டு சாத்த வராமல் அடம்பிடித்தது. ஆள் கூப்பிட்டுப் பார்த்தாள், ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. அவன் இழைக்கும்போது பலகையின் மறுமுனையைப் பிடித்து நின்ற அனுபவம் இருந்தது. பெட்டியைத் திறந்தாள். அடுத்தது பக்கத்து வீட்டு ஜன்னல். அப்புறம் தெருவில் பாதிக் கதவுகள் அவள் கையால் சரியாயின. மழைக்காலத்தில் மூச்சுவிட நேரமிருக்காது. ராத்திரி துடைத்து எண்ணெய் போட்டு வைத்த உளி காலையில் கைக்கு வந்துவிடும். துருவுக்கு ஏது நேரம்?

அந்த நீலப் பொட்டலங்களை அவன் வந்திறங்கிய அன்று காலையில்தான் வாங்கிப் போட்டிருந்தாள்.

உளிக்காக அவள் கையை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை. நீட்டிய உள்ளங்கையைப் பார்த்தான். விரல்களின் அடியில் வரிசையாகக் காய்த்துப்போயிருந்தது. முன்பு தன் கையில் காய்ப்புகள் இருந்த அதே இடங்கள்தான். கப்பலில் அவனுக்கு அவை எப்போதோ உதிர்ந்துவிட்டன.

உளியின் வாயை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"தீட்டும்போது இன்னும் கொஞ்சம் படுக்க வெச்சுத் தீட்டணும்."

அவள் அவன் கையிலிருந்து உளியை வாங்கிக்கொண்டாள்.

"எனக்கு இப்படித்தான் வாகா இருக்கு."