திரையின் அளவு

வீட்டில் சினிமாத் திரை மாட்டுவதற்கு அளவெடுக்க வந்தவன் டேப்பின் நுனியைச் சக்கரக் கட்டிலில் கிடந்த பொன்னையனிடம் நீட்டினான். "புடிச்சுக்குங்க பெரியவரே. பாக்கறவங்க கண்ணுலேருந்து செவுத்துக்கு அளக்கணும்."

கல்குவாரியில் காய்த்துப்போன கை அதை இறுகப் பற்றியது. கல்தூசி அடைத்த நெஞ்சுக்கு ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்ட பிறகு, அவருக்கு இந்த ஹால்தான் எல்லாம்.

"எட்டடிதாண்ணா இருக்கு. எம்பது இஞ்சு போதும். பெருசாப் போட்டா பெரியவருக்குக் கண்ணு வலிக்கும்."

மகன் தனபால் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அப்பாவை வச்சு யாருய்யா அளக்கச் சொன்னது? பின்னாடி செவுத்தோரம் சோபா வரும். அங்கேருந்து அள. நூத்தியிருவது போடலாம்."

"நடுவுல கட்டில் மறைக்குமேண்ணா?"

"ஸ்கிரீன் வரவே ரெண்டு மாசம் ஆகும்னுதான சொன்ன?"

பொன்னையனுக்கு நெஞ்சுதான் போயிருந்தது. காது நன்றாகவே கேட்கும்.

"விடுங்க பெரியவரே," என்று திரைக்காரன் அவர் முகத்தைப் பார்க்காமல் டேப்பை இழுத்தான். நுனி வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தான். கட்டில் கிறீச்சிட்டபடி சுவரை நோக்கி நகர்ந்தது.